நாளை பிள்ளைகள் என்ன எழுதப் போகிறார்கள்?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் இந்த ஜூனில்தான் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். வரலாறு எடுத்த சார் ஓய்வுபெற்று, அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அதனால் 9, 10 வகுப்புகளுக்கு சமூக அறிவியலில் வரலாற்றுப் பகுதியையும் தலைமையாசிரியர் என்னிடமே தந்துவிட்டார். எல்லோரும் தமிழ் வழிப் பிள்ளைகள். தினமும் ராத்திரி பதினொரு மணி வரை பாடக்குறிப்பு எழுதுகிறேன். மறுநாள் வகுப்பில் அதில் பாதிகூட நடப்பதில்லை. ஆங்கிலத்தில் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போகிறேன். வரலாற்றில் பாடத்தை வாசிக்க வைத்து, முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடு போடச் சொல்கிறேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் இருக்கிறார்கள், ஆனால் ஸ்லிப் டெஸ்ட் வைத்தால் ஒன்றும் வருவதில்லை. பத்தாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டக்கூட முடியாதவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பாடத்துக்கும் தினசரி எப்படித்தான் திட்டமிடுவது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

"அதில் பாதிகூட நடப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. நாம் பி.எட்.டில் கற்றுக்கொண்டு வரும் பாடக்குறிப்பு, ஆசிரியர் என்னென்ன செய்வார் என்று சொல்லும். ஆர்வமூட்டல், அறிமுகம், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்பித்தல், தொடர்பணி என்று அத்தனை கட்டத்தையும் நிரப்பி முடிக்கும்போது மணி பதினொன்று ஆகிவிடும். ஆனால் அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. பிள்ளைக்கு வேலை இல்லாத பீரியடில் பிள்ளை சும்மாதான் இருக்கும். நீங்கள் பார்ப்பது அந்த அமைதியைத்தான்.

வகுப்பெடுத்த காலத்திலும், புது ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த காலத்திலும் எனக்கு உறுதியான ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். பீரியடைக் கடைசியிலிருந்து திட்டமிடுங்கள். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பிள்ளைகள் நோட்டைத் திறந்து எதை எழுதப் போகிறார்கள்? அதை முதலில் முடிவு செய்துவிட்டால், அதை எழுத என்ன தெரிய வேண்டும், எந்தப் பக்கம் வேண்டும், எதைத் தொடாமல் விடலாம் என்பதெல்லாம் தானாகவே பின்னால் வரும். "பக்கம் 84 முதல் 87 வரை" என்பது திட்டமே இல்லை. வருகைப் பதிவுக்கும் பிள்ளைகள் உட்கார்ந்து அடங்கவும் ஐந்து நிமிடம், கடைசியில் எழுதப் பத்து நிமிடம் போனால் உங்கள் கையில் நிற்பது முப்பது நிமிடம். அதற்குள் மூன்று பக்கம் வாசிக்கலாம், ஆனால் மூன்று பக்கத்தைப் புரிய வைக்க முடியாது.

முதலில் வரலாறு. நீங்கள் ஆங்கிலம் படித்தவர், இது உங்களுக்கு அந்நியமாக இருக்கும். தவிர, நம் பள்ளிகளில் வரலாறு மனப்பாடப் பாடமாகத் தேய்ந்துபோயிருப்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பத்தாம் வகுப்பில் தமிழ்நாட்டின் விடுதலைப் போராட்டம் பற்றிய பாடம் இருக்கிறதே, அதில் சுதேசி இயக்கப் பகுதி முழுக்க நம் சீமைக் கதை. 1906ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908 பிப்ரவரிக் கடைசியில் அதே ஊரில் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலையில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். இப்போது நீங்கள் நடத்தும் முறையில் இவை ஆறு அடிக்கோடுகள். பிள்ளைக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு தெரியாது. அதனால்தான் ஸ்லிப் டெஸ்டில் ஒன்றும் நிற்பதில்லை.

இதே பகுதியை ஒரு கேள்வியைச் சுற்றிக் கட்டிப் பாருங்கள். 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலி மக்கள் போலீஸ் ஸ்டேஷனைத் தாக்கினார்கள், அது புரிகிறது. தபால் ஆபீசையும் முனிசிபல் ஆபீசையும் ஏன் தாக்கினார்கள்? பிள்ளைகள் கடைசிப் பத்து நிமிடத்தில் எழுதப் போவது இந்தக் கேள்விக்கான ஐந்து வரி. அதில் இரண்டு தேதியாவது வர வேண்டும். இதுதான் அன்றைய பாடத்திட்டம். மற்றதெல்லாம் இதற்கு வேலைக்காரர்கள்.

வகுப்புக்குள் போனதும் தேதிகளைப் போர்டின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக எழுதிவிடுங்கள். அதுவே காலக்கோடாகிவிடும், பொதுத்தேர்வுக்கும் ஆகும். பிறகு புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் கதையாகச் சொல்லுங்கள். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி போட்டிக்குக் கட்டணத்தைக் குறைத்தது, ஆலையில் கூலியும் விடுமுறையும் கேட்டு நின்றவர்கள் பக்கம் ஒரு வக்கீல் வந்து நின்றது, அந்த வக்கீலைப் பிடித்து உள்ளே போட்டதும் கடைகள் அடைபட்டது. இதைச் சொல்ல நீங்கள் வீட்டில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். அது எழுதும் வேலை இல்லை, பத்து நிமிட வேலை. பிறகு கேள்வியைப் போடுங்கள். இரண்டு இரண்டு பேராக மூன்று நிமிடம் பேசட்டும். அவர்கள் பேசும் தமிழிலேயே பேசட்டும். "ஏல, அதுவும் வெள்ளைக்காரன் ஆபீஸ்தானல" என்று ஒருவன் சொன்னால் அது பாதி பதில். மீதிப் பாதிக்கு நீங்கள் முந்தின நாளே ஒரு அடுத்த கேள்வியை எழுதி வைத்திருக்க வேண்டும்: "முனிசிபாலிட்டியில் நம் ஆட்களும் உறுப்பினர்களாக இருந்தார்களே, அப்புறம் ஏன்?" இங்கேதான் வகுப்பு சூடு பிடிக்கும்.

யாருமே வாய் திறக்கவில்லை என்றால்? புது ஆசிரியர்கள் திட்டமிட மறப்பது இதைத்தான். கேள்வி கேட்டு பத்து விநாடி மௌனம் வந்ததும் பதற்றத்தில் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளும் அடுத்த நாளிலிருந்து காத்திருக்கப் பழகிவிடுவார்கள். அதனால் பெரிய கேள்விக்குக் கீழே ஒரு சின்னக் கேள்வியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "அந்தக் காலத்தில் சர்க்கார் என்றால் நம் ஊர் ஆளின் கண்ணுக்கு எந்தெந்தக் கட்டிடம் தெரியும்?" இதற்குப் பதில் சொல்லாத பிள்ளை இருக்காது.

ஒன்பதாம் வகுப்புக்கு உங்கள் ஊரே பாடம். தொழிற்புரட்சி நடத்தும்போது இங்கிலாந்தில் நூற்பாலை, நீராவி என்று எங்கோ நடந்ததாகச் சொல்லிப் போக வேண்டியதில்லை. "விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சு மில்லை ஏன் மலையடிவாரத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள்? பஞ்சு விளைவது கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில்தானே?" என்று கேளுங்கள். 1880களில் ஹார்வி சகோதரர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது பாபநாசத்தில் விழும் தண்ணீரின் வேகத்துக்காக. 1771ல் ஆர்க்ரைட் இங்கிலாந்தில் குரோம்ஃபோர்டு என்ற ஊரில் ஆலை கட்டியதும் தண்ணீரை நம்பித்தான். தாத்தா மில்லில் வேலை பார்த்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். அவர்களிடமிருந்து ஷிஃப்ட், சங்கு, கூலி என்று நீங்கள் கேட்காமலே விவரங்கள் வரும். அதே ஹார்வி நிர்வாகம்தான் தூத்துக்குடி கோரல் ஆலையையும் நடத்தியது என்று ஒரு வரி சொல்லி வையுங்கள். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பில் 1908 வரும்போது அந்த வரி கைகொடுக்கும்.

எல்லாப் பகுதிக்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பத்தாம் வகுப்பு வரலாற்றில் பெயரும் ஒப்பந்தமும் ஆண்டும் நெருக்கியடித்துக் கிடக்கும் பக்கங்கள் உண்டு. அங்கே வேகமாகச் சொல்லி, அட்டவணை போட்டு, ஒரு மதிப்பெண் வினாக்களை முடித்து நகர்ந்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு பீரியட் கேள்விக்கான பீரியடாக அமைந்தால் போதும். உங்கள் உழைப்பையெல்லாம் அந்த இரண்டில் கொட்டுங்கள்.

நம் மாவட்டத்தில் வரலாறு எடுப்பவருக்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், அம்மா. பாளையக்காரர் பாடம் வரும். பூலித்தேவன், கட்டபொம்மன், ஊமைத்துரை, மருது சகோதரர்கள் என்று நீங்கள் பெயரைச் சொன்னதும் ஏதாவது ஒரு பெஞ்சிலிருந்து கைத்தட்டு வரும், இன்னொரு பெஞ்சு இறுகிப்போகும். வீரனின் பெயர் பிள்ளைகளுக்கு வீட்டில் சாதியோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குள் நடந்த சாதித் தாக்குதலை நாம் யாரும் மறக்க முடியாது. ஆகவே அந்தப் பாடத்துக்கான கேள்வியை மிகவும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். "யார் பெரிய வீரர்?" என்ற திசையில் போகும் எந்தக் கேள்வியும் வேண்டாம். கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஏன் அவ்வளவு பணம் தேவைப்பட்டது, வரி வசூல் உரிமை நவாபிடமிருந்து அவர்கள் கைக்கு எப்படி வந்தது, பாளையக்காரர்கள் ஏன் ஒன்றாக நிற்கவில்லை என்று கேளுங்கள். எட்டயபுரம் கும்பினி பக்கம் நின்றதும், கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை என்பதும் பாடத்தில் இருப்பவைதான். 1801 ஜூனில் திருச்சியில் ஒட்டப்பட்ட பிரகடனம் சாதி மதம் பாராமல் எல்லோரையும் அழைத்தது, அதற்கு ஒரு முழு பீரியட் கொடுங்கள். ஊமைத்துரை சிறையிருந்து தப்பியது பாளையங்கோட்டைக் கோட்டையிலிருந்து என்று சொல்லும்போது வரைபடத்தில் இடத்தைக் காட்டுங்கள். பாளையங்கோட்டை, பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு, காளையார்கோவில் என்று பிள்ளைகள் கோடு போட்டு இணைக்கும்போது, பேச்சு ஆளைவிட்டு நிகழ்ச்சிக்கு வந்துவிடும். இரண்டு இரண்டு பேராக உட்கார வைக்கும்போதும் யார் பக்கத்தில் யார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வரிசை எண்படி பிரித்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

சரி, ஆங்கிலம்.

வரிக்கு வரி தமிழில் சொல்வதில் என்ன தப்பு என்றால், பிள்ளை ஆங்கில வரியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. தமிழ் வந்துகொண்டே இருக்கும்போது ஆங்கிலத்தை எதற்கு வாசிக்க வேண்டும்? அதற்காகத் தமிழே பேசக் கூடாது என்று சொல்ல மாட்டேன். தமிழை முதலில் கொடுத்துவிடுங்கள், பாதியில் நிறுத்திவிடுங்கள். பத்தாம் வகுப்பின் முதல் உரைநடை, பறக்கப் பயப்படும் ஒரு கடற்பறவைக் குஞ்சின் கதை. மூன்று நிமிடத்தில் தமிழில் சொல்லுங்கள்: அண்ணன், தம்பி, தங்கை எல்லாம் பறந்துபோயாச்சு, இவன் மட்டும் பாறை விளிம்பில் தனியாக, பசியோடு இருக்கிறான். அம்மா வாயில் மீனைக் கவ்விக்கொண்டு கிட்ட வருகிறாள், ஆனால் பாறைக்கு வராமல் கொஞ்ச தூரத்திலேயே நிற்கிறாள். இங்கே நிறுத்துங்கள். என்ன ஆனது என்பது புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஒரு பத்தியை நீங்கள் நிறுத்தி நிதானமாக, நல்ல குரலில் வாசியுங்கள். பிள்ளைகள் விரலை வைத்துக்கொண்டே பின்தொடரட்டும். போர்டில் ஒரே கேள்வி: ஒய் டிட் தி மதர் நாட் கிவ் ஹிம் தி ஃபிஷ்? விடையைப் பத்தியில் தேடி, ஒரு வரியோ இரண்டு வரியோ விரல் வைத்துக் காட்ட வேண்டும். சொல்லக்கூட வேண்டாம், காட்டினால் போதும்.

ஒரு பாடத்தில் எல்லாப் பத்தியும் ஒரே எடை இல்லை. ஆறு ஏழு பத்தியை நீங்கள் சொல்லியே கடந்துவிடலாம். இரண்டு பத்தியைப் பிள்ளைகள் உண்மையாகவே வாசிக்க வேண்டும். எந்த இரண்டு என்று தேர்ந்தெடுப்பதுதான் ஆங்கில ஆசிரியையின் திட்டமிடல். புதுச் சொற்களும் அப்படித்தான். கைடில் இருபது சொல் பட்டியல் இருக்கும். நீங்கள் ஐந்தை எடுங்கள், பிள்ளை நாளைக்குத் தன் வாக்கியத்தில் பயன்படுத்தக்கூடிய ஐந்தை.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒரு வாக்கியச் சட்டத்தைப் போர்டில் எழுதுங்கள்: "ஐ வாஸ் அஃப்ரெய்ட் டு..., பட்..." மூன்று வாக்கியம், அவரவர் சொந்த பயத்தைப் பற்றி. ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு முதன்முதலில் மண்டபத்து மேலிருந்து தண்ணீரில் குதித்த நாள் ஞாபகம் இருக்கும். "ஐ வாஸ் அஃப்ரெய்ட் டு ஜம்ப் இன்டு தி ரிவர், பட் மை பிரதர் புஷ்டு மீ" என்று ஒரு பிள்ளை தப்பும் தவறுமாக எழுதினாலும், அது கைடில் இல்லாத வாக்கியம். அந்தப் பிள்ளை அன்றைக்கு ஆங்கிலம் எழுதியிருக்கிறது. தேர்வுக்கு வரும் ரோடு மேப் வினாவையும் இதே மாதிரி ஊருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். புத்தகத்தில் இருக்கும் பெயர் தெரியாத தெருக்களுக்குப் பதில், பள்ளிக்கூடத்திலிருந்து கோயில், ரேஷன் கடை, ஆற்றுப் படித்துறை. நன்றாக எழுதும் பிள்ளைகளுக்குத் திருநெல்வேலியையே கொடுக்கலாம்: பாளை பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்ணார்பேட்டை, ஆற்றுப் பாலம், ஜங்ஷன், ஈரடுக்குப் பாலம் வழியாக நெல்லையப்பர் கோயில்.

எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களைத் தனியே பின்னால் உட்கார வைத்து நாலு கோடு நோட்டில் ஏ, பி, சி எழுதச் சொல்லும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய அவமானம், தயவுசெய்து செய்யாதீர்கள். அவர்களும் அதே பத்தியில்தான் இருக்க வேண்டும், வேலை மட்டும் சின்னதாக இருக்கட்டும். மற்றவர்கள் மூன்று வாக்கியம் எழுதும்போது இவர்கள் ஒன்று எழுதட்டும். மற்றவர்கள் விடை வரியைக் காட்டும்போது இவர்கள் 'ஃபிஷ்' எத்தனை இடத்தில் வருகிறது என்று கண்டுபிடிக்கட்டும். தினம் பீரியட் தொடக்கத்தில் வகுப்பு முழுவதுக்கும் ஐந்து நிமிட ஒலிப் பயிற்சி வையுங்கள். ஒரே ஒலியில் முடியும் சொற்களாக லைட், நைட், ஃபைட், ரைட் என்று போர்டில் எழுதி எல்லோரும் சேர்ந்து வாசிப்பது. நன்றாக வாசிப்பவர்களுக்கு இதனால் நஷ்டமில்லை, வாசிக்கத் தெரியாதவர்கள் கூட்டத்தோடு சேர்ந்து கற்றுக்கொள்வார்கள். இது டிசம்பருக்குள் பலன் தரும், ஜூலையில் எதிர்பார்க்காதீர்கள். வீட்டில் பீடி சுற்ற உட்காரும் பிள்ளைகளும் இவர்களில் இருக்கலாம். வீட்டுப்பாடம் கொடுத்து இந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது, பள்ளிக்கூட நேரத்தில்தான் முடியும்.

இரண்டு பாடமும் உங்கள் கையிலேயே இருப்பதைச் சுமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் அது உங்களுக்கு மட்டும் கிடைக்கும் வாய்ப்பு. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் அல்போன்ஸ் தோதே எழுதிய 'தி லாஸ்ட் லெசன்' கதை இருக்கிறது. பிரான்சின் அல்சேஸ் பகுதியில் ஒரு பள்ளிக்கூடம். நாளையிலிருந்து ஜெர்மன் மட்டும்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வந்துவிட்டது, இன்று கடைசி பிரெஞ்சுப் பாடம். இதே அல்சேஸ், லொரைனைத்தான் வரலாற்றுப் புத்தகத்தில் முதல் உலகப்போரின் காரணங்களில் ஒன்றாகப் பிள்ளைகள் படிக்கிறார்கள். 1871ல் ஜெர்மனி எடுத்துக்கொண்டது, 1919 வெர்சாய் உடன்படிக்கையில் பிரான்சுக்குத் திரும்பியது.

ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம் என்று நினைக்காதீர்கள், கால அட்டவணை இடம் கொடுக்காது. உலகப்போர் பாடம் ஜூனிலேயே முடிந்துவிடும். கதை ஆண்டின் பிற்பகுதியில்தான் வரும். அதனால் கதை வரும்போது அதை வரலாற்றுக்குத் திருப்புதலாகப் பயன்படுத்துங்கள். ஆங்கில பீரியடில் கதையைக் கதையாகவே நடத்துங்கள்: தாமதமாக வரும் பையன், கடைசி பெஞ்சில் வந்து உட்காரும் ஊர்ப் பெரியவர்கள், போர்டில் எழுதிவிட்டுத் திரும்பி நிற்கும் ஆசிரியர். அங்கே போரைப் பற்றி லெக்சர் வேண்டாம். மறுநாள் வரலாற்று பீரியடில், புத்தகம் இல்லாமல், போருக்கான காரணங்களில் ஒன்றாக ஏன் அல்சேஸ் இருந்தது என்று ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். ஜூனில் எழுத முடியாதவர்களும் இப்போது எழுதுவார்கள், ஏனென்றால் அந்த இடத்தில் இப்போது அவர்களுக்குத் தெரிந்த ஒரு பையன் இருக்கிறான்.

நல்ல வகுப்பாக இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். அல்சேஸ் மக்களில் பெரும்பாலோர் அந்தக் காலத்தில் வீட்டில் பேசியது ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்த வட்டாரப் பேச்சு. கதையை வாசித்தால் இது அவ்வளவாகத் தெரியாது. கதை ஒரு பக்கத்து வலியைச் சொல்கிறது, அது பொய் இல்லை. வரலாற்றுக்கு மறு பக்கமும் வேண்டும். வீட்டில் நெல்லைத் தமிழ், புத்தகத்தில் வேறு தமிழ், அடுத்த பீரியடில் ஆங்கிலம் என்று வாழும் நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். 1938ல் நம் மாகாணத்தில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எழுந்த போராட்டமும் அவர்கள் பாடத்தில் உண்டு. யாராவது ஒரு பிள்ளை தானாகவே அதை எடுத்து வைக்கும். வைத்தால் பேச விடுங்கள்.

இனி, அந்தப் பதினொரு மணி. தலைமையாசிரியர் திங்கட்கிழமை கேட்கும் பாடக்குறிப்பை வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை உட்கார்ந்து, அவர்கள் கேட்கும் கட்டங்களில் சுருக்கமாக எழுதி முடித்துவிடுங்கள். அது பதிவேடு, அதன் வேலை வேறு. தினசரித் திட்டத்துக்கு ஒரு தனி நோட்டு வையுங்கள், ஒரு பீரியடுக்கு அரைப் பக்கம். இன்றைய கேள்வி, பிள்ளைகள் எழுதப்போவது, வாசிக்கப்போகும் பத்தி, மௌனம் வந்தால் கேட்க வேண்டிய சின்னக் கேள்வி, அவ்வளவுதான். மீதி அரைப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். வகுப்பு முடிந்ததும் அதில் நடந்ததை இரண்டு வரி எழுதுங்கள். "தேதி தெரியுது, காரணம் தெரியலை", "ஒலிப் பயிற்சி நேரம் மீறிடுச்சு" என்ற அளவில் போதும்.

தினமும் நாற்பது நோட்டைத் திருத்த முயலாதீர்கள். வெளியே வரும்போது ஆறு நோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நன்றாக எழுதுபவர் இருவர், நடுவில் இருவர், தடுமாறுபவர் இருவர். தினம் வேறு வேறு பிள்ளைகளாக இருக்கட்டும். ஸ்டாஃப் ரூமில் பத்து நிமிடம் அதை வாசித்தால் நாளைக்கு எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். நாளைய திட்டத்தை அங்கேயே, நோட்டுகள் கண்முன் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். ராத்திரிக்கு மிஞ்சுவது கதையை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது மட்டும்தான்.

வருஷக் கணக்கையும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். ஆனித் தேரோட்ட விடுமுறை, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்விடும் பிள்ளைகள், ஊருக்கு ஊர் வரும் கோயில் கொடை விழா, ஐப்பசி கார்த்திகை மழை. கொடை நாளில் பாதி வகுப்புதான் வரும், அன்றைக்குப் புதுப் பாடம் தொடங்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் பக்கம் அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. அந்த மாதிரி வருஷம் மறுபடி வந்தாலும் தாங்கும்படி, பத்தாம் வகுப்புக்கு இரண்டு பாடத்தையும் நவம்பர் கடைசிக்குள் முடிக்கிற மாதிரி பிரித்துக்கொள்ளுங்கள். ஜனவரிக்குப் பிறகு திருப்புதல் தேர்வுகள்தான், புதிதாக எதுவும் நடத்த நேரம் இருக்காது.

கடைசியாகத் தலைமையாசிரியரிடம் ஒன்று கேளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பத்தாம் வகுப்பின் ஆங்கிலமும் வரலாறும் அடுத்தடுத்த பீரியடாக வரும்படி டைம்டேபிளை மாற்றித் தர முடியுமா என்று. தொண்ணூறு நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைத்தால், வரைபட வேலை, நீண்ட விடை எழுதும் பயிற்சி, தடுமாறும் பிள்ளைகளோடு தனியே உட்காருவது எல்லாம் அந்த நாளில் நடக்கும். இன்னொரு ஆசிரியரின் ஒரு பீரியடை மாற்றினால் போதும், செய்யக்கூடியதுதான். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே கேட்டுவிடுங்கள், அதற்கு மேல் டைம்டேபிளில் கைவைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.